நாற்பத்து மூன்று சுற்று

பிப்ரவரி 11

அன்புள்ள தம்பிக்கு,

போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் நீ வைத்துவிடுகிறாய். நான்காவது வாக்கியம் வரை போனால் நான் வைத்துவிடுகிறேன். கடிதத்தை அப்படி நடுவில் துண்டிக்க முடியாது. கோபத்தில் மடித்துப் போட்டாலும் மேசை மேலேயே கிடந்து மறுநாள் எடுத்துப் படிக்கவைக்கும். முப்பத்து நான்கு வருஷம் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதக் கற்றுக்கொடுத்தவள், சொந்தத் தம்பிக்கு எழுதுவது இதுதான் முதல் தடவை.

நம் தெருவின் இரண்டு முனையிலும் இரும்புத் தூண் நட்டு நாற்பது நாள் ஆகிவிட்டது. ஆம்புலன்ஸ் வந்தால் மட்டும் கழற்றுவார்கள். மற்றபடி ஒரு கார் உள்ளே வர முடியாது. முன்பெல்லாம் என் ஜன்னல் மூடுவதற்கென்றே இருந்தது, இப்போது எழுந்ததும் திறக்கிறேன். எதிர்வீட்டு ரேடியோ (நீ வைத்த பெயர்தான், இன்னும் அலைவரிசை மாறவில்லை) நடுத்தெருவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பட்டாணி உரிக்கிறாள். பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் தார் மேல் சாக்பீஸால் கட்டம் போடுகிறார்கள். போன வாரம் ஒருத்தி என் வீட்டு வாசலில் உலகப் படமே வரைந்தாள். ஆப்பிரிக்கா கொஞ்சம் சின்னது, மற்றபடி சரி.

ஆனால் என் தரைக்குக் கீழே சத்தமில்லை. நீ ஸ்பானரைக் கீழே போடும் சத்தத்தில்தான் எனக்குக் காலை பத்து மணி ஆகும். இப்போது கடிகாரத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

தூண் நட்ட அன்று காலையில் லாரியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு போனாய். மாடிப்படி பதினாறுதான். ஏறி வந்து ஒரு வார்த்தை சொல்ல அது அதிகமா? சாவியைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டுப் போயிருக்கிறாய், வாடகைக்கு இருந்தவன் மாதிரி.

ஒன்று மட்டும் கேட்கிறேன். தெருவை மூடுவது பற்றிய நகராட்சிக் கூட்டத்தில் நான் கார் எண்ணிக்கையைப் படித்து முடித்ததும், நீ உன் ஒர்க்‌ஷாப் நோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு எழுந்தாய். என்னவோ சொல்லப்போகிறாய் என்று நானும் பதிலோடு தயாராக இருந்தேன். ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டாய். ஏன்?

ஏணியை விட்டுவிட்டுப் போயிருக்கிறாய். நட்டு, போல்ட்டு போட்ட டப்பாவும் இருக்கிறது.

அக்கா

*

பிப்ரவரி 20

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. ஏணி என்னுடையதுதான், யாருக்கும் கொடுக்க வேண்டாம்.

படி ஏறி வந்து சொல்லியிருக்கலாம் என்கிறாய். என்ன சொல்வது? தெருவை மூடச் சொன்ன மனுவில் முதல் கையெழுத்து உன்னுடையது. தொந்தரவுகளின் பட்டியலில் முதல் வரி என்ன தெரியுமா? ஹாரன் சத்தம். நான் அதைப் படித்தேன். ஒவ்வொரு வண்டியையும் சரிபார்த்து வெளியே எடுக்கும்போது உன் ஜன்னலுக்கு நேராக இரண்டு சின்ன ஹாரன் அடிப்பேன். முப்பது வருஷமாக அப்படித்தான். ஹாரனும் சரிபார்த்த மாதிரி ஆயிற்று, உனக்கும் நான் இருக்கிறேன் என்று சொன்ன மாதிரி ஆயிற்று என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது உனக்குத் தொந்தரவு வரிசையில் ஒன்றாம் நம்பர்.

இங்கே சுற்றுச்சாலை. ஷெட் பெரியது, மேலேயே வீடு. வேலைக்குக் குறைவில்லை. ஆனால் வருகிறவன் யாரென்று எனக்குத் தெரியாது, நான் யாரென்று அவனுக்குத் தெரியாது. என்னைக் "கடைசி ஷெட்டு" என்கிறார்கள். "கடைசி ஷெட்டு, இந்த பிரேக்கைக் கொஞ்சம் பாருங்க." அவ்வளவுதான் மரியாதை. நான் ஒருவனைப் பெயர் சொல்லி விசாரிக்கப் போனால், அவசரத்தில் இருப்பவன் மாதிரி கடிகாரத்தைப் பார்க்கிறான்.

ஜூன் முப்பதாம் தேதி, ஆறு மாதச் சோதனை முடிந்து, தெருவை நிரந்தரமாக மூடுவதா என்று முடிவெடுப்பார்களாம். மூடினால் அப்பாவின் ஒர்க்‌ஷாப்பை ஐஸ்கிரீம் கடைக்காரருக்குக் கொடுத்துவிடுகிறேன். அவர் இரண்டு தடவை வந்து கேட்டுவிட்டார். திறந்தால் மறுநாளே திரும்பி வருவேன். இதில் ஒளித்துவைக்க ஒன்றுமில்லை.

கூட்டத்தைப் பற்றிக் கேட்காதே.

தம்பி

*

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

'அன்புள்ள' போட மறந்துவிட்டாய். அரை மதிப்பெண் குறைத்திருக்கிறேன்.

ஹாரன் விஷயம் என் தப்புதான், விளக்கம் சொல்லப் போவதில்லை. மனுவை எழுதியது ரேடியோ. 'சத்தம்' என்று அவள் எழுதினாள், 'என்ன சத்தம் என்று குறிப்பாக எழுது' என்று நான் திருத்தினேன். திருத்துகிற புத்தி போகவில்லை. உன் ஹாரன் அதில் சேரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அது ஹாரன் என்றே நான் நினைத்ததில்லை.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா, நீ நடுரோட்டில் படுத்தது? உனக்கு ஏழு வயது, எனக்குப் பதினொன்று. வெயில் தாழ்ந்த நேரம். "இந்தத் தெருவுல நடுவுல படுத்து நூறு எண்ணுவேன், ஒரு காரும் வராது" என்று பந்தயம் கட்டினாய். நான் என் சிலேட்டை எடுத்துக்கொண்டு காவலுக்கு நின்றேன், வருகிற கார்களை எண்ண. நீ நூறு எண்ணினாய். உனக்கு நூறு போதவில்லை, இன்னொரு நூறு எண்ணினாய். பிறகு தூங்கியே போனாய். நம் தெருப் பல் டாக்டரின் அப்பா சைக்கிளில் வந்து, மணி அடித்துப் பார்த்து, நீ எழாததால் சுற்றிக்கொண்டு போனார். அம்மா வந்து உன்னைத் தூக்கும்வரை என் சிலேட்டில் பெரிய பூஜ்ஜியம் ஒன்றுதான் இருந்தது. அதை அழிக்க மனமில்லாமல் மறுநாள் அப்படியே பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போய் அடி வாங்கினேன்.

நான் ஏன் கையெழுத்துப் போட்டேன் என்று நீ கேட்கவே இல்லை, நானாகச் சொல்கிறேன். போன வருஷம் பால் வாங்க எதிர்ப்பக்கம் போக இருபது நிமிஷம் நின்றேன். தூரத்தில் வருகிற கார், கிட்டே வந்த பிறகுதான் கார் என்று தெரிகிறது. வயதாகிவிட்டது. ஒருவன் பிரேக் போட்டு நிறுத்தி, "வீட்டுல இருக்க வேண்டியதுதானே பெரியம்மா" என்றான். நான் பிறந்த தெருவில். பால் வாங்காமல் திரும்பி வந்து, அன்று மாலை மனுவில் கையெழுத்துப் போட்டேன். உன்னை நினைக்கவில்லை. அதுதான் உண்மை, அதுதான் என் குற்றமும்.

தெருவில் எல்லாக் கடைக்காரர்களும் சம்மதித்திருந்தால் எண்ணிக்கையே கேட்டிருக்க மாட்டார்கள். ஐந்து கடையில் நான்கு பேர் போட்டார்கள், நீ போடவில்லை. நீ எப்படிப் போடுவாய்? அதனால்தான் நான் ஏழு நாள் ஜன்னலில் உட்கார்ந்து எண்ணினேன். ஒரு நாளாவது அறுநூறைத் தாண்ட வேண்டும் என்பது விதி. புதன்கிழமை அறுநூற்றுப் பதினொன்று வந்தது. நோட்டீஸில் பெரிய எழுத்தில் போட்டார்களே, அது.

நோட்டோடு ஏன் எழுந்தாய்?

அக்கா

*

மார்ச் 16

அக்காவுக்கு,

அரை மதிப்பெண் போனால் போகட்டும். உன் வகுப்பில் நான் என்றைக்கு முழுசாக வாங்கினேன்.

படுத்தது ஞாபகம் இருக்கிறது. முதுகில் சூடு. ஜல்லி குத்தியது. நான் தூங்கவில்லை, தூங்குகிற மாதிரி கிடந்தேன், நீ காவல் நிற்பது நன்றாக இருந்தது.

ஆனால் நீ பாதிக் கதையில் நிறுத்திவிட்டாய். மீதியை நான் சொல்கிறேன். அப்போது அப்பா சைக்கிளுக்கு பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். நீ ஆசிரியர் பயிற்சிக்குப் போக வேண்டும் என்று அடம்பிடித்த வருஷம்தான் முதல் கார் வந்தது. சிவப்புக் கார், தெருமுனையில் நின்றுபோயிற்று. தெருவே சேர்ந்து நம் வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்தது. அப்பாவுக்குக் காரைப் பற்றி ஒன்றும் தெரியாது. "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று சொல்லி இரண்டு நாள் பிரித்துப் பிரித்துப் போட்டு, மூன்றாம் நாள் ஓடவைத்தார். அந்த வண்டிக்காரன் நாலு பேருக்குச் சொன்னான். நீ படித்தது அப்படித்தான். கார் வராத தெருவை நீ நினைத்துக்கொள்கிறாய், நான் கார் வந்த தெருவை நினைத்துக்கொள்கிறேன். இரண்டும் ஒரே தெருதான். என்ன செய்வது?

பால் வாங்க முடியாமல் திரும்பியதை அன்றைக்கே கீழே இறங்கி வந்து என்னிடம் சொல்லியிருக்கலாம். நான் என்ன வெளியூரிலா இருந்தேன்? பதினாறு படி இறங்குவதற்கும் பதினாறுதான்.

தம்பி

*

ஏப்ரல் 12

அன்புள்ள தம்பிக்கு,

இந்தக் கடிதத்தில் என் கையெழுத்து சின்னதாகியிருப்பதைக் கவனித்திருப்பாய். கண்ணில் புரை எடுத்தாயிற்று. மார்ச் கடைசியில் வலது கண், இடது கண் அடுத்த மாதம். இரண்டு வருஷமாகப் பாதிக் கண்ணோடுதான் இருந்திருப்பீர்கள் என்றார் டாக்டர். வயதானால் உலகமே கொஞ்சம் கலங்கித்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டேன். கட்டு அவிழ்த்து வீட்டுக்கு வந்தபோது முதலில் பார்த்தது உன் ஒர்க்‌ஷாப் போர்டு. அதில் அப்பா வரைந்த சக்கரத்துக்கு ஏழு ஆரக்கால் இருக்கிறது. நான் எட்டு என்றே நினைத்திருந்தேன்.

சந்தோஷமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் இன்னொன்றும் கண்ணில் பட்டது.

ஜூன் கூட்டத்தில் மறுபடியும் பேசச் சொல்லி நகராட்சிப் பொறியாளர் கேட்டிருக்கிறார். சின்ன வயதுப் பெண், மரியாதையாகப் பேசுவார். தயார் செய்யலாம் என்று அந்த எண்ணிக்கைப் படிவத்தின் நகலை எடுத்துப் பார்த்தேன். கட்டத்துக்கு மேலே சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு: 'ஒரே வண்டி ஒரு நாளில் பல முறை கடந்தால் ஒரு முறை மட்டும் எண்ணவும். வண்டி எண்ணின் கடைசி இரண்டு இலக்கத்தைக் குறிக்கவும்.' எண் எழுதும் கட்டம் முழுக்கக் காலி. அந்தக் கட்டம் இருந்ததே எனக்குத் தெரியாது. ரேடியோ கொண்டுவந்து கொடுத்தாள், கார் போனால் ஒரு கோடு போட வேண்டும் என்றாள், நான் போட்டேன்.

முப்பத்து நான்கு வருஷம். ஒவ்வொரு பரீட்சைக்கும் முன்னால் நான் சொன்ன ஒரே வாக்கியம், "கேள்வியை முழுசாப் படிங்க, அப்புறம் பேனாவை எடுங்க."

பிறகு என் சொந்த நோட்டை எடுத்தேன். நாலு கோடு, குறுக்கே ஒன்று, ஐந்து ஐந்தாகக் கட்டியிருக்கிறேன். மற்ற நாட்களில் மதியம் இரண்டிலிருந்து ஐந்து வரை கட்டுகள் தளர்ந்திருக்கின்றன. அந்தப் புதன்கிழமை மட்டும் வரிசை நிரம்பி, ஓரத்தில் எல்லாம் எழுதியிருக்கிறேன். நீ ஒவ்வொரு வண்டியையும் மூன்று சுற்று ஓட்டிப் பார்ப்பாய் என்பது எனக்குத் தெரியாதா? தெரு வழியாகப் போய், தபால் நிலையத்தில் திரும்பி, பின்சந்து வழியாக வந்து மறுபடி தெரு. எந்தச் சுற்றில் ஹாரன் கேட்டதோ அது உன் வண்டி என்று விட்டுவிட்டேன். ஹாரன் கேட்காததெல்லாம் ஊர் வண்டி என்று கோடு போட்டேன். எனக்கு எல்லாம் நிறமாகத்தான் தெரிந்தது, தம்பி. வெள்ளை, சிவப்பு, சாம்பல். அன்றைக்குச் சாம்பல் நிறையப் போயிற்று.

மழுப்பாமல் சொல். அந்தப் புதன்கிழமை நீ எத்தனை சுற்று ஓட்டினாய்?

அக்கா

*

ஏப்ரல் 21

அக்காவுக்கு,

கண்ணில் கத்தி வைத்திருக்கிறார்கள், எனக்கு இரண்டு வாரம் கழித்துத் தபாலில் வருகிறது. யார் கூட்டிக்கொண்டு போனது? ரேடியோதானே? என் வீட்டில் இவள் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு நாள் என்னோடு பேசவில்லை. "உங்க ரெண்டு பேரு வீம்புக்கு நடுவுல அந்தக் கண்ணு என்ன பாவம் பண்ணுச்சு?" என்று கேட்டாள். இடது கண்ணுக்கு நான் வருவேன். வேண்டாம் என்றாலும் வருவேன்.

புதன்கிழமை. நீயாகக் கண்டுபிடிக்கும்வரை சொல்லக் கூடாது என்று இருந்தேன். கண்டுபிடித்துவிட்டாய்.

பல் டாக்டரின் சாம்பல் நிறக் கார். உள்ளே எங்கேயோ கட கடவென்று ஒரு சத்தம், மெதுவாகப் போய் இடதுபக்கம் திரும்பும்போது மட்டும் வரும். நிறுத்திப் பார்த்தால் இல்லை. பேரிங்கை மாற்றினேன், ஷாக் அப்சார்பரைக் கழற்றி மாட்டினேன், சைலன்சரை ஆட்டிப் பார்த்தேன். கடைசியில் மதியம் கண்ணாடியெல்லாம் இறக்கிவிட்டுக்கொண்டு, சும்மா ஓட்டி ஓட்டிக் காது கொடுத்துக் கேட்டேன். ஹாரன் அடிக்கவில்லை, அடித்தால் சத்தம் கேட்காதே. நாற்பத்து மூன்று சுற்று. நோட்டில் எழுதியிருக்கிறேன், டாக்டரிடம் எவ்வளவு அலைந்தேன் என்று காட்டுவதற்காக.

சத்தம் பின்கதவுக்குள்ளிருந்து வந்தது. கதவைப் பிரித்தேன். ஒரு கோலிக்குண்டு. பச்சை நிறம். அவர் பேரன் கண்ணாடி இடுக்கில் போட்டிருக்கிறான்.

அதுதான் உன் அறுநூற்றுப் பதினொன்று.

நோட்டீஸில் புதன்கிழமை என்று பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. நோட்டை எடுத்துக்கொண்டுதான் கூட்டத்துக்கு வந்தேன், எல்லார் முன்னாலும் படித்துக் காட்டத்தான். நீ மேடையில் நின்று, நாள் வாரியாக எண்களை ஒன்று விடாமல் படித்தாய். நானும் எழுந்தேன். அப்போதுதான் பார்த்தேன், நீ காகிதத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தாய். எல்லாம் மனப்பாடம். மண்டபத்தில் வேறு யாரும் கவனிக்கவில்லை. நான் வாயைத் திறந்திருந்தால், "ஏன் வண்டி எண்ணை எழுதவில்லை" என்று உன்னைக் கேட்டிருப்பார்கள். உன்னிடம் படித்த பாதிப் பேர் அங்கே உட்கார்ந்திருந்தார்கள்.

உட்கார்ந்துவிட்டேன். அவ்வளவுதான்.

கண்ணைக் காட்டச் சொல்லி உன்னிடம் வந்து சண்டை போட்டிருக்க வேண்டும். அதைச் செய்யாமல் கோபத்தில் சாமானை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். அது என் தப்பு. இத்தோடு விடு.

தம்பி

*

ஏப்ரல் 25

அன்புள்ள தம்பிக்கு,

அறுநூற்றுப் பதினொன்றில் நாற்பத்திரண்டைக் கழித்தால் ஐந்நூற்று அறுபத்தொன்பது. உன் மற்ற வண்டிகளை நான் இன்னும் தொடவே இல்லை. இந்தத் தெரு மூடப்பட்டிருக்கவே கூடாது. நீ போயிருக்கவும் வேண்டியதில்லை.

பரீட்சைத் தாளில் கூட்டல் தப்பாகி ஒருத்திக்கு அதிக மதிப்பெண் போட்டுவிட்டால், தெரிந்த பிறகு திருத்தத்தான் வேண்டும். அவள் அழுதாலும். இங்கே அழப்போகிறவள் நான்தான்.

ஜூன் கூட்டத்தில் சொல்லப்போகிறேன்.

அக்கா

*

ஏப்ரல் 29

அக்கா,

சொல்லாதே. ஐஸ்கிரீம்காரரிடம் பேசிவிட்டேன். இங்கே எனக்குப் பழகிவிட்டது. நேற்று ஒருவன் என் பெயரைக்கூடக் கேட்டான். நீ ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு நிம்மதியாக இரு.

மற்றதை நேரில் பேசிக்கொள்ளலாம். மே பதினான்காம் தேதி இடது கண்ணுக்கு எட்டு மணிக்கே வந்துவிடுவேன். அதுவரை யாரிடமும் வாயைத் திறக்காதே, முக்கியமாக ரேடியோவிடம்.

தம்பி

*

ஜூன் 15

அன்புள்ள தம்பிக்கு,

போன மாதம் ஆஸ்பத்திரி வராந்தாவில் நான்கு மணி நேரம் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். ஒரு வார்த்தை இதைப் பற்றிப் பேசவில்லை, நானும் பேசவில்லை. கட்டுப் போட்ட கண்ணோடு என்னை நம் தெருமுனையில் இறக்கிவிட்டு, தூணுக்கு இந்தப் பக்கம் ஒரு அடி வைக்காமல் திரும்பிப் போனாய். என் கைப்பையை ரேடியோவிடம் கொடுத்துவிட்டுப் போனாய். அப்போதே எனக்கு முடிவாகிவிட்டது. பழகிவிட்டது என்று எழுதுகிறவன், சொந்தத் தெருவில் கால் வைக்க முடியாமல் நிற்க மாட்டான்.

முப்பதாம் தேதிவரை காத்திருக்கவில்லை. கூட்டத்தை முன்னால் வைக்கச் சொல்லிப் பொறியாளரிடம் கேட்டேன், நேற்று நடந்தது. நான் மேடைக்குப் போய், படிவத்தை இந்தத் தடவை நேராகப் பிடித்துக்கொண்டு, அந்தச் சின்ன எழுத்துக் குறிப்பை முழுசாகப் படித்தேன். பிறகு நோட்டைக் காட்டினேன். என் கண்ணைப் பற்றியும் சொன்னேன், யாரும் கேட்பதற்கு முன்னாலேயே. கோலிக்குண்டைச் சொன்னபோது பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பல் டாக்டராக இருக்கும்.

பொறியாளர் படிவத்தை வாங்கிப் பார்த்தார். "டீச்சர், நீங்க சொல்லலன்னா இது யாருக்கும் தெரிஞ்சிருக்காதே" என்றார். "எனக்குத் தெரிஞ்சிருச்சேம்மா" என்றேன். முதல் எண்ணிக்கை செல்லாது, ஜூலை முதல் தேதி தூண்களை எடுத்துவிடுவோம் என்று அறிவித்தார்கள்.

வெளியே வந்ததும் ரேடியோ என்னை நிறுத்தி, "உன் தம்பிக்காக எங்க எல்லாரையும் வித்துட்டியே" என்றாள். அதற்குப் பிறகு பேசவில்லை. ரேடியோ நின்றுபோன தெரு எப்படி இருக்கும் என்று உனக்குக் காட்ட வேண்டும். உலகப் படம் வரைந்த சிறுமி மட்டும் படியேறி வந்து, "கார் வந்தா எங்க கட்டமெல்லாம் அழிஞ்சிடுமா மிஸ்?" என்று கேட்டாள். அழிந்துவிடும் என்று சொன்னேன். பிள்ளைகளிடம் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

ஒர்க்‌ஷாப் கதவைத் திறந்து காற்றாடவிட்டிருக்கிறேன். ஏணி அதே இடத்தில் இருக்கிறது. வா.

அக்கா

*

ஜூன் 29

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் அந்த அரை மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடு.

நேற்று ஞாயிற்றுக்கிழமை வந்தேன். நீ வீட்டில் இல்லை, கண் டாக்டரைப் பார்க்கப் போயிருப்பதாக மளிகைக் கடைக்காரர் சொன்னார். ஞாயிற்றுக்கிழமைகூடப் பார்க்கிற டாக்டர் உனக்கு மட்டும்தான் கிடைப்பார். சும்மா ஒர்க்‌ஷாப்பைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தேன். ஆறு மாதத்தில் முதல் தடவையாகத் தூணைத் தாண்டி நடந்தேன்.

என்ன சொல்வது? அறுபத்திரண்டு வயது வரை இந்தத் தெருவைக் கார் கண்ணாடி வழியாகத்தான் பார்த்திருக்கிறேன். இல்லையென்றால் கார் அடியில் படுத்துக்கொண்டு. நம் வீட்டு மாடிச் சுவரில் ஒரு விரிசல் இருக்கிறது. தையற்கடைக்காரர் வாசலில் பெஞ்சு போட்டிருக்கிறார். தெரு இவ்வளவு அகலம் என்றே எனக்கு மறந்துபோயிருந்தது. நடுவில் சாக்பீஸ் கட்டம். அதன் பக்கத்தில் நின்றேன். இடம் அதேதான், நம் வாசலிலிருந்து ஒன்பது எட்டு வைக்கிற தூரம். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, படுத்தேன்.

சிரிக்காதே. எழுவதுதான் சிரமமாக இருந்தது. மேலே அதே அளவு வானம், அந்தப் பக்கம் மட்டும் ஒரு மாடி கூடியிருக்கிறது. நூறு எண்ணலாம் என்று ஆரம்பித்தேன். முப்பதில் ரேடியோ மூஞ்சியில் தண்ணீர் ஊற்றிவிட்டாள். நான் மயங்கி விழுந்துவிட்டேனாம். தெருவையே கூட்டிவிட்டாள். "ஏய்யா, கார் விட்டா நாங்க சாவோம், விடலன்னா மெக்கானிக்கே சாவான் போல" என்று அவள் கத்தியதில் பல் டாக்டர் பல் பிடுங்குகிற இடுக்கியோடு ஓடி வந்தார். உன்னோடு பேசாதவள், உன்னைப் பற்றி மட்டும் என்னிடம் அரை மணி நேரம் பேசினாள். மாடியிலிருந்து நீ இறங்கும் சத்தம் கேட்டால் வாசலுக்கு வந்து நிற்கிறாளாம், நீ முதலில் பேசட்டும் என்று. பேசிவிடு.

அப்புறம் அங்கேயே உட்கார்ந்து யோசித்தேன். எண்ணிக்கை வேண்டாம், எல்லாக் கடைக்காரர்களும் சம்மதித்தால் போதும் என்று நீதானே எழுதினாய். நாலு பேர் போட்டாயிற்று. ஐந்தாவது நான். இன்று காலையில் நகராட்சிக்குப் போய்ப் போட்டுவிட்டு வந்தேன். அந்தப் பொறியாளர் மேடம் இரண்டு தடவை கேட்டார், "யோசிச்சுத்தானே போடறீங்க?" என்று. படிவத்தை முழுசாகப் படித்துவிட்டுத்தான் போட்டேன் என்றேன். பழைய உத்தரவுப்படி நாளை மறுநாள் தூணை எடுப்பார்களாம், புது உத்தரவு வந்து திரும்ப நட மூன்று வாரமாவது ஆகுமாம். அரசாங்க வேலை அப்படித்தான்.

இனி நான் கேட்க வந்தது. அப்பா பாகம் பிரித்தபோது ஒர்க்‌ஷாப் எனக்கு, மாடியும் பின்னால் இருக்கிற காலி இடமும் உனக்கு. நீ துணி காயப்போடுகிறாய், ஓரத்தில் இரண்டு ரோஜாச் செடி. அந்த இடம் பின்சந்தைத் தொடுகிறது. பின்சந்தை மூடவில்லை. ஒர்க்‌ஷாப் பின்சுவரில் ஒரு கதவு வைத்தால், வண்டி சந்து வழியாக உன் இடத்தில் ஏறி என் ஷெட்டுக்குள் வந்துவிடும். தெருவுக்குள் ஒரு சக்கரம் வராது. முன்பக்கம் பெஞ்சு போட்டுவிடலாம், ரேடியோ உட்காரட்டும்.

இதை ஒரு வருஷம் முன்னாலேயே கேட்டிருக்கலாம். உன்னிடம் போய் இடம் கேட்பதா என்று இருந்துவிட்டேன். இப்போது கேட்கிறேன். ரோஜாவை நானே தள்ளி நட்டுத் தருகிறேன்.

ஒரே ஒரு குறை. வண்டிகளைப் பின்சந்தோடு ஓட்டிப் பார்த்துக்கொள்வேன். தெருப்பக்கம் உன் ஜன்னலுக்கு ஹாரன் கேட்காது. அதுவும் நல்லதுதான், பட்டியலில் ஒன்றாம் நம்பர் தீர்ந்தது.

அன்புடன்,
தம்பி

*

ஜூலை 2

அன்புள்ள தம்பிக்கு,

அரை மதிப்பெண் கொடுத்தாயிற்று. படுத்ததற்கு இன்னொன்று.

நேற்றுக் காலையில் தூணை எடுத்தார்கள். பத்து மணிக்குள் இரண்டு பக்கமும் கார் நின்றுவிட்டது. சிறுமியின் ஆப்பிரிக்கா மேல் ஒரு வெள்ளைக் கார் நிற்கிறது, எண் எழுபத்தாறில் முடிகிறது. இப்போது எனக்கு எல்லா எண்ணும் தெரிகிறது. மூன்று வாரம்தான் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். தேதி போட்டு எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு போனாள்.

ரேடியோவிடம் பேசிவிட்டேன். "பட்டாணி இன்னிக்கு எங்க உரிக்கப் போற?" என்று கேட்டேன். அதற்கு அவள் சொன்ன பதில் இந்தக் கடிதத்தில் அடங்காது.

பின்பக்கத்து இடத்துக்கு நீ எனக்குக் கடிதம் எழுதிக் கேட்க வேண்டுமா? வந்து கதவை வை. ரோஜாவை மேற்கே தள்ளி நடு, வெயில் அங்கேதான் இருக்கிறது. துணிக்கொடியை மாடிக்கு மாற்றிக்கொள்கிறேன், ஏணியை மட்டும் ஒரு நாள் கொடு.

ஒன்றை நீ மறந்துவிட்டாய். என் சமையலறை ஜன்னல் பின்சந்தைப் பார்த்துத்தான் இருக்கிறது. நான் பாதி நாள் அங்கேதான் நிற்கிறேன். அதனால் வண்டியை எடுக்கும்போது அந்த ஜன்னலுக்கு நேராக வந்ததும் இரண்டு சின்ன ஹாரன் அடி. ஒவ்வொரு சுற்றிலும் அடி. நாற்பத்து மூன்று சுற்று ஓட்டினாலும் அடி.

ஒரே கோடுதான் போடுவேன்.

அன்புடன்,
அக்கா